பூட்டியது புத்தகத்தை, காத்தது யாரை?

அமெரிக்க நூலகச் சங்கம் வருடந்தோறும் ஒரு பட்டியல் வெளியிட்டு வருகிறது. "இதை அலமாரியிலிருந்து தூக்கி எறி" என்ற கூச்சல் எந்தெந்தப் புத்தகத்தின்மீது அதிகமாக எழுந்தது என்று சொல்லும் பட்டியல் அது. 2016-ம் வருடப் பட்டியலில் முதலிடம் பிடித்தது எது? வெடிகுண்டு செய்யக் கற்றுக்கொடுக்கும் புத்தகமா? கறுப்பு மக்களைக் கொன்று குவிக்கத் தூண்டும் புத்தகமா? இல்லை. இரண்டு சிறுமிகள் ஏரிக்கரையில் கழித்த ஒரு கோடை விடுமுறையைச் சொல்லும் படக்கதை!

'திஸ் ஒன் சம்மர்', அதாவது 'இந்த ஒரு கோடை' என்பது அதன் பெயர். கதை எழுதியவர் மரிக்கோ தமாக்கி. படம் வரைந்தவர் ஜிலியன் தமாக்கி. இருவரும் கனடாவில் வளர்ந்தவர்கள், ஒன்றுவிட்ட சகோதரிகள். 2014-ல் வெளிவந்த இந்தப் புத்தகம் 320 பக்கம். பக்கமெல்லாம் கருநீல மையில் அச்சிட்ட சித்திரங்கள். வந்த வருடமே கனடாவின் கவர்னர் ஜெனரல் பரிசு கிடைத்தது. மறு வருடம் அமெரிக்காவில் ஐஸ்னர் விருது, பிரின்ட்ஸ் கௌரவம், கால்டிகாட் கௌரவம் எல்லாம் வந்து குவிந்தன. படக்கதை நாவல் ஒன்று கால்டிகாட் கௌரவம் பெற்றது அதுவே முதல் தடவை.

2015-ல் கௌரவம். 2016-ல் வெளியேற்றம்!

மின்னசோட்டா மாநிலத்தில் ஹென்னிங் என்ற ஊரின் பள்ளி நூலகத்திலிருந்து புத்தகம் அகற்றப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு கட்டுப்பாடுகளோடு திரும்பி வந்தது. புளோரிடா மாநிலத்தில் செமினோல் கவுண்டியில் மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று நூலகத்திலிருந்து இதை எடுத்து வர, தாய் புகார் செய்தார். புகார் ஆரம்பப் பள்ளியோடு நிற்கவில்லை. உயர்நிலைப் பள்ளிகளின் அலமாரிகளிலும் கை வைத்தார்கள்.

மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு இந்தப் புத்தகம் வேண்டியதில்லை என்றால் நாமும் சம்மதிப்போம். பதிப்பாளர்களே இதை 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்றுதான் வெளியிட்டார்கள். ஒரு அலமாரியிலிருந்து இன்னொரு அலமாரிக்கு மாற்றி வைத்தால் தீர்ந்தது விஷயம். அதற்குத்தானே நூலகர் என்று ஒருவர் இருக்கிறார்? எட்டு வயதுக் குழந்தையின் பெயரைச் சொல்லிப் பதினாறு வயதுப் பெண்ணின் கையிலிருந்து பிடுங்குவது எந்த ஊர் நியாயம்?

புத்தகத்தில் இருப்பது என்ன?

ஒருபாலினக் காதல் பாத்திரங்கள், போதைப்பொருள், கெட்ட வார்த்தை, பாலியல் விஷயம் என்று ஆட்சேபக்காரர்களின் காரணங்களை நூலகச் சங்கம் தொகுத்துச் சொன்னது. கதையைப் படிக்காதவர்கள் இதைக் கேட்டால் ஏதோ மஞ்சள் புத்தகம் என்று நினைத்துவிடுவார்கள். ஆகவே கதையைச் சொல்லத்தான் வேண்டும்.

ரோஸ் என்ற சிறுமி ஒவ்வொரு கோடையிலும் பெற்றோருடன் அவாகோ என்ற ஏரிக்கரைக்கு வருகிறாள். அவளைவிட இளையவளான விண்டி அங்கே அவள் தோழி. நீந்துகிறார்கள், மிட்டாய் தின்கிறார்கள், ஊர்க் கடையில் பேய்ப்படங்களை வாடகைக்கு எடுத்துப் பெரியவர்களுக்குத் தெரியாமல் பார்க்கிறார்கள். தங்கள் உடம்பு எப்போது, எப்படி வளரும் என்று பேசிச் சிரிக்கிறார்கள். இந்த வயதில் எந்த நாட்டுச் சிறுமிதான் இதைப் பேசவில்லை?

ஊர்க் கடையில் டங்கன் என்ற உள்ளூர் வாலிபன் வேலை பார்க்கிறான். ரோஸுக்கு அவன்மேல் ஒரு மயக்கம். டங்கனுடைய காதலி ஜென்னியும் அந்த ஊர்ப் பெண்தான். அவள் கர்ப்பமாகியிருக்கிறாள். டங்கன் நழுவுகிறான். குழந்தை தன்னுடையதுதானா என்று சந்தேகம் கிளப்புகிறான். கடை வாசலில் கூடும் பையன்கள் சிரிக்கிறார்கள். இரண்டு சிறுமிகளும் அரைகுறையாக இதையெல்லாம் ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்.

வீட்டிலே வேறொரு துயரம். ரோஸின் தாய் அலிஸ் முந்தின கோடையில் அந்த ஏரியில் நீந்திக்கொண்டிருந்தபோது கருச்சிதைவுக்கு ஆளானவள். மகளிடம் அவள் அதைச் சொல்லவில்லை. ஏரியில் கால் வைக்கவும் மறுக்கிறாள். காரணம் அறியாத மகள், அம்மா விடுமுறையைக் கெடுக்கிறாள் என்று கோபப்படுகிறாள்.

ரோஸ் யார் பக்கம் நிற்கிறாள்? டங்கன் பக்கம்! கர்ப்பமான பெண்ணைத்தான் அவள் ஏசுகிறாள். எல்லாம் அவளுடைய தவறு என்கிறாள். பெண்களைக் குறித்து ஊர் சொல்லும் அதே அசிங்கமான சொல் இந்தச் சிறுமியின் வாயிலும் வருகிறது. அப்போது இளையவளான விண்டி அவளை எதிர்த்து நிற்கிறாள். பெண்களை இழிவுபடுத்துகிறாயே என்று முகத்துக்கு நேரே கேட்கிறாள். இந்தப் புத்தகத்தின் முதுகெலும்பு அந்த இடம்தான்.

கடைசியில் குடிவெறியில் ஏரியில் மூழ்கப்போன ஜென்னியைத் தண்ணீரில் இறங்கிக் காப்பாற்றுகிறவள் யார்? டங்கன் அல்ல. கேலி பேசிய பையன்கள் அல்ல. தண்ணீரைக் கண்டாலே ஒதுங்கி நின்ற அலிஸ்!

இவ்வளவுதான் கதை. காமக் காட்சி என்று சொல்லத்தக்க ஒரு படம்கூட இதில் கிடையாது.

அப்படியானால் உறுத்துவது எது?

உறுத்துவது உண்மை. பழி எப்போதும் பெண்ணின் தலையில் விழுகிறது என்ற உண்மை. அந்தப் பழியைச் சிறுமிகளே எடுத்து வீசுமளவுக்கு ஊர் அவர்களைப் பழக்கியிருக்கிறது என்ற உண்மை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ரோஸின் குடும்பம் கோடையில் வந்து தங்கிப் போகும் குடும்பம். ஜென்னியும் டங்கனும் அங்கேயே பிறந்து, வந்து போகிறவர்களுக்கு மிட்டாயும் சினிமாவும் விற்றுப் பிழைக்கும் கூட்டம். கோடை முடிந்ததும் ரோஸ் காரில் ஏறிப் போய்விடுவாள். அவளுக்கு எல்லாம் ஒரு அனுபவம். ஜென்னி எங்கே போவாள்? அவளுக்கு அது வாழ்க்கை முழுவதும்! ஒரே உடம்பு, ஒரே ஆசை; ஆனால் அதற்குக் கட்டும் விலை வேறு. வசதியுள்ள வீட்டுப் பெண்ணின் தவறு வாயடைக்கப்படுகிறது. கடைவீதிப் பெண்ணின் தவறு சிரிப்பாய்ச் சிரிக்கிறது. வர்க்கம் என்ற சொல்லை ஒரு இடத்திலும் சொல்லாமல் இந்தப் படங்கள் இதைக் காட்டிவிடுகின்றன.

குறையும் உண்டு. கதை நெடுகிலும் நாம் பார்ப்பது ரோஸின் கண்ணால்தான். ஜென்னியைத் தூரத்திலிருந்தே பார்க்கிறோம். அவள் வீடு எது, அவள் தாய் யார், நாளைக்கு அவளுக்கு வேலை உண்டா என்று புத்தகம் சொல்லவில்லை. விடுமுறைக்கு வந்தவர்களின் ஜன்னல் வழியே உள்ளூர்த் துன்பத்தைப் பார்க்கும் புத்தகம் இது. ஜென்னியே தன் கதையைச் சொல்லும் புத்தகம் இன்னும் பெரிய புத்தகமாக இருக்கும். ஆனால் குறையைச் சொல்வதற்கும் முதலில் அலமாரியில் புத்தகம் இருக்க வேண்டும்!

ஓநாய்களின் கண்ணீர்

"குழந்தைகளைக் காப்பாற்றுகிறோம்" என்கிறார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

புளோரிடாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூலை 1 அன்று அங்கே இரண்டு சட்டங்கள் அமுலுக்கு வந்தன. ஒன்று: பள்ளிப் புத்தகத்தில் பாலியல் நடத்தை வருகிறது என்று யாராவது ஆட்சேபம் கொடுத்தால், பள்ளி நாட்கள் ஐந்துக்குள் அதை அகற்றிவிட்டுப் பிறகுதான் விசாரணை. இன்னொன்று: லைசென்ஸ் இல்லாமலே மறைத்துத் துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். ஒரே கவர்னர், ஒரே வருடம், ஒரே தேதி! புத்தகத்துக்குப் பூட்டு, துப்பாக்கிக்குக் கதவு திறப்பு. 2018-ல் பார்க்லண்ட் பள்ளியில் 17 உயிர்கள் சுடப்பட்டு விழுந்த அதே மாநிலம் இது. 2020 முதல் அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதற் காரணமாகிவிட்டது துப்பாக்கிக் குண்டு. படக்கதை படித்துச் செத்த குழந்தை எத்தனை? கணக்குக் காட்டட்டும்!

ஜென்னியைப்போல ஒரு பெண் இன்று அங்கே என்ன செய்வாள்? 2022 ஜூன் 24 அன்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட் கருக்கலைப்பு உரிமையை ரத்துச் செய்தது. 2024 மே 1 முதல் புளோரிடாவில் ஆறு வாரத்துக்கு மேல் கருக்கலைப்புக்குத் தடை. விதிவிலக்குகள் மிகச் சிலவே. கர்ப்பம் என்று பல பெண்களுக்குத் தெரியும்போதே கெடு முடிந்துவிடும். சரி, பிள்ளையைப் பெற்றுக்கொள்ளட்டும் என்றால், சம்பளத்தோடு பிரசவ லீவு கொடுக்கும் தேசியச் சட்டம் அந்த நாட்டில் இல்லை. 1993-ம் வருடச் சட்டம் கொடுப்பது 12 வாரம், அதுவும் சம்பளமில்லாமல், அதுவும் 50 பேராவது வேலை செய்யும் இடத்தில். ஏரிக்கரைக் கடையில் 50 பேர் எங்கே வேலை செய்கிறார்கள்?

உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ளாதே. தெரியாமல் சிக்கிக்கொண்டால் வெளியேறாதே. பெற்றுவிட்டால் உன் பாடு! இதற்குப் பெயர் குழந்தைப் பாதுகாப்பாம்!

புத்தகத்தைப் பூட்டச் செலவில்லை. ஒரு சாவி போதும். பள்ளிக்கு ஒரு நர்ஸ், ஊருக்கு ஒரு பிரசவ ஆஸ்பத்திரி என்றால் பணம் வேண்டும். சீமான்கள் வரி கட்ட வேண்டும். ஆகவேதான் சாவியைத் தேடுகிறார்கள்.

பெற்றோரின் குரலா இது?

"நாங்கள் சாதாரணப் பெற்றோர்கள்" என்று வேஷம் கட்டுகிறார்கள். 2021-22 கல்வியாண்டில் வந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்சேபங்களை 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகை ஆராய்ந்து 2023-ல் எழுதியது. அவற்றில் 60 சதவிகிதத்தைக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்? பதினோரு பேர்! 2024-ம் வருடத்தில் வந்த ஆட்சேபங்களில் பெற்றோர் கொடுத்தவை 16 சதவிகிதம் மட்டுமே என்று நூலகச் சங்கம் கணக்குச் சொல்லியது. அமைப்பு கட்டிய கோஷ்டிகளும் அதிகாரிகளும் சபை உறுப்பினர்களும் கொடுத்தவை 72 சதவிகிதம்.

விளைவு? 2023-24 கல்வியாண்டில் மட்டும் பள்ளிகளில் 10,046 புத்தகத் தடைகள் நடந்ததாக 'பென் அமெரிக்கா' என்ற எழுத்தாளர் அமைப்பு எண்ணிச் சொன்னது. 'ஜெண்டர் குவியர்' என்ற இன்னொரு படக்கதை 2021, 2022, 2023 ஆகிய மூன்று வருடமும் நூலகச் சங்கப் பட்டியலில் முதலிடம் பெற்றது. ஆண் என்ற சட்டையும் பெண் என்ற சட்டையும் தனக்குப் பொருந்தவில்லை என்று உணர்ந்த மாயா கோபாபே, தன் வளர்பருவத்தைத் தானே வரைந்து 2019-ல் வெளியிட்ட சுயசரிதை அது. அதை ஆபாசம் என்று அறிவிக்கச் சொல்லி வர்ஜீனியாவில் கோர்ட்டுக்கே போனார்கள். 2022 ஆகஸ்டில் வழக்குத் தள்ளுபடியாயிற்று. புளோரிடாவின் 2023 சட்டத்திலும் ஒரு பகுதி செல்லாது என்று 2025 ஆகஸ்டில் ஒரு பெடரல் நீதிபதி தீர்ப்பளித்தார். கோர்ட்டில் தோற்றாலும் நோக்கம் நிறைவேறிவிடுகிறது. வேலைக்குப் பயந்த நூலகர் அடுத்த புத்தகத்தை வாங்காமலே விட்டுவிடுகிறார் அல்லவா?

பழைய பாட்டு

இது நேற்றுத் தொடங்கிய ஆட்டமல்ல. 1913-ல் நியூயார்க்கில் 'கால்' என்ற சோஷலிஸ்ட் தினசரியில் மார்கரெட் சாங்கர் என்ற நர்ஸ், பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டிய உடல் விஷயங்களைப் பற்றித் தொடர் கட்டுரை எழுதினார். மேக நோய்களைப் பற்றி எழுதியதும் தபால் இலாகா பாய்ந்தது. 1873-ம் வருடத்துக் காம்ஸ்டாக் சட்டம் அதன் கையில் இருந்தது. பத்திரிகை என்ன செய்தது? தலைப்பை மட்டும் போட்டு, கீழே தபால் இலாகா உத்தரவுப்படி ஒன்றுமில்லை என்று அச்சடித்தது! நோய் தொழிலாளி வீட்டில் இருந்தது; அதன் பெயர் மட்டும் பத்திரிகையில் வரக்கூடாது.

1954-ல் படக்கதைகளின் முறை. செனட் கமிட்டி விசாரித்தது. பதிப்பாளர்கள் நடுங்கித் தாங்களே ஒரு தணிக்கை விதி செய்துகொண்டார்கள். அந்த விதி குழந்தைகளை எதிலிருந்து காப்பாற்றியது? 1956-ல் 'தீர்ப்பு நாள்' என்ற விண்வெளிக் கதையை மறுபிரசுரம் செய்யப் பதிப்பாளர் முயன்றார். நிறபேதத்தைக் கண்டிக்கும் கதை அது. கடைசிப் படத்தில் விண்வெளி வீரன் தலைக்கவசத்தைக் கழற்றுகிறான், அவன் கறுப்பன். அந்தக் கறுப்பு முகம் கூடாது என்று ஆட்சேபித்தார் தணிக்கை அதிகாரி! பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ் பணியாமல் அப்படியே அச்சிட்டார். குழந்தை, ஒழுக்கம் என்று ஆரம்பித்த விதி எங்கே போய் நின்றது பார்த்தீர்களா? அதே விதி ஒருபாலினக் காதலின் நிழலைக்கூடப் படக்கதையில் நுழைய விடாமல் பல வருடம் காவல் காத்தது.

சில தோழர்கள் கேட்கலாம்

"இதெல்லாம் அமெரிக்க முதலாளித்துவ நாகரிகத்தின் அழுகல். பாலியலைக் கடைச்சரக்காக்கி விற்கும் கூட்டத்துக்கு நாம் ஏன் வக்காலத்து வாங்க வேண்டும்?" என்று சில தோழர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. பதில் சொல்லியாக வேண்டும்.

பெண்ணின் உடம்பைச் சோப்புக்கும் காருக்கும் விளம்பரப் பலகையாக்குவது முதலாளித்துவம். அதை எதிர்ப்போம். ஆனால் அந்த உடம்புக்குள் இருக்கும் பயமும் கேள்வியும் மனிதருடையவை. அந்தக் கேள்வியைச் சிறுமியின் வாயால் பேசவைக்கும் புத்தகமும், உடம்பை விற்கும் புத்தகமும் ஒன்றா? நெல்லையும் பதரையும் ஒரே முறத்தில் கொட்டலாமா?

இரண்டாவதாக, தடை என்ற தடியை யார் கையில் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். சரித்திரம் பாடம் சொல்கிறது. கொரிய யுத்தத்தைப் புகழ்ந்தும், ஆசிய மக்களை இழிவாக வரைந்தும் அமெரிக்கப் படக்கதைகள் ஐரோப்பாவில் கொட்டப்பட்ட காலம் அது. பிரிட்டனில் அவற்றுக்கு எதிரான இயக்கத்தில் கம்யூனிஸ்டுகள் முன்நின்றார்கள். 1955-ல் சட்டம் வந்தது. அதற்கும் முன்பே பிரான்சில் அமெரிக்கப் படக்கதைகளைத் தடுக்கக் கம்யூனிஸ்டுகளும் கத்தோலிக்கர்களும் தத்தம் காரணத்தோடு குரல் எழுப்பினார்கள். 1949 ஜூலை 16-ல் சட்டம் பிறந்தது. கோபம் நியாயமானது. ஆனால் சட்டம் யாருக்கு உதவியது? 1970 நவம்பரில் டி கால் மறைந்தபோது 'ஹரா-கிரி' என்ற நையாண்டி வாரப் பத்திரிகை கேலி செய்தது. சிறுவர்களுக்கு விற்கக் கூடாது, கடையில் காட்டி வைக்கக் கூடாது என்று சர்க்கார் அதை முடக்கியது. எந்தச் சட்டத்தைக் காட்டி? குழந்தைகளைக் காக்க வந்த அதே 1949 சட்டத்தைக் காட்டி!

அமெரிக்காவில் 1954 வேட்டைக்கு வித்திட்டவர் பிரெடரிக் வெர்த்தம் என்ற மனநோய் டாக்டர். அவர் பணக்காரர்களின் ஏவலாளி அல்ல. 1946-ல் நியூயார்க் ஹார்லெம் பகுதியில், கறுப்பு ஏழைகளுக்கு 25 சென்ட் கட்டணத்தில் ஒரு மனநல வைத்தியசாலை நடத்தியவர். அதற்கு மார்க்ஸின் மருமகன் பால் லஃபார்க்கின் பெயரை வைத்தவர். பள்ளிகளின் நிறப் பிரிவினை குழந்தை மனதைக் கெடுக்கிறது என்று 1951-ல் கோர்ட்டில் சாட்சி சொன்னவர். அப்படிப்பட்டவரே சிறுவர் குற்றத்தின் வேரைப் படக்கதையில் தேடிப் போனார். சிறுவர்கள் தம்மிடம் சொன்னதை மாற்றியும் ஒட்டவைத்தும் அவர் எழுதியிருந்தார் என்று அவருடைய காகிதங்களைப் புரட்டிய ஆராய்ச்சியாளர் கரோல் டில்லி 2012-ல் நிறுவினார். நல்லவர் விதைத்தார், அறுவடை செய்தவர்கள் கறுப்பு முகத்தை அழிக்கச் சொன்னவர்கள்!

மூன்றாவதாக, ஒழுக்கம் என்று இவர்கள் சொல்வது எது? பெண்ணுக்கு மட்டும் கற்பை விதித்து, ஆணுக்கு விலக்குக் கொடுக்கும் ஒழுக்கம் சொத்தோடு பிறந்தது, சொத்து தன் வாரிசுக்கே போய்ச் சேர வேண்டும் என்பதற்காகப் பிறந்தது என்று ஏங்கல்ஸ் 1884-லேயே எடுத்துக் காட்டினார். ஜென்னியை ஏசிவிட்டு டங்கனை விட்டுவிடும் ஒழுக்கம் அதுதான். அதற்குக் காவல் நிற்பது தொழிலாளி வர்க்கத்தின் வேலையல்ல.

நம் கோரிக்கை

குழந்தைகளுக்குப் பாதுகாப்பு வேண்டுமா? வேண்டும்! உரக்கச் சொல்வோம். ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு நர்ஸ் வேண்டும். வயதுக்கேற்ப உடம்பைப் பற்றிய பாடம் வேண்டும். பையனுக்கும் வேண்டும், பெண்ணுக்கும் வேண்டும். ஏமாற்றப்பட்ட பெண்ணுக்குப் பழி அல்ல, வைத்தியமும் வேலையும் வேண்டும். தாயாகும் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு லீவு வேண்டும். ஆணாகவோ பெண்ணாகவோ ஊர் வகுத்த கோட்டில் அடங்காத பிள்ளை, அடி உதைக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடாமல் வாழ இடம் வேண்டும். இவற்றைக் கேட்டால் கஜானாவில் பணமில்லை என்று கை விரிப்பவர்கள்தான் புத்தகத்தைப் பிடுங்க மட்டும் இரண்டு கையையும் நீட்டுகிறார்கள்.

புத்தக அலமாரி பணக்கார வீட்டுப் பெண்ணுக்கு வீட்டிலேயே இருக்கிறது. பள்ளி நூலகத்தை மூடினாலும் அவள் கடையில் வாங்கிப் படித்துவிடுவாள். தடை விழுவது யாருடைய தலையில்? கடையில் மிட்டாய் விற்கும் பெண்ணின் தலையில்! பள்ளி நூலகம் ஒன்றுதான் அவளுக்கு இலவசம். "நீ தனி ஆள் இல்லை, குற்றம் உன்னுடையது மட்டும் இல்லை" என்று அவளுக்குச் சொல்லும் புத்தகம் அந்த அலமாரியில்தான் இருக்கிறது.

அமெரிக்காவிலும் நூலகர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் பள்ளிச் சபைக் கூட்டங்களில் எழுந்து நின்று போராடி வருகிறார்கள். வேலை போனாலும் பூட்டுப் போட மாட்டோம் என்று சொன்ன நூலகர்கள் அவர்களில் உண்டு. அவர்கள் பக்கம் நிற்பது நம் கடமை. ஊர் முழுவதும் ஏசியபோது தன் தோழியையே எதிர்த்து, "இது தவறு" என்று சொன்னாளே அந்தச் சின்னப் பெண் விண்டி, அவளுக்கு இருந்த நெஞ்சுரம் பெரியவர்களுக்கு இருந்தால் போதும்!